சிங்கப்பூர் – மேடான்: போக அரை மணி, திரும்பி வர இரண்டரை மணியா?

தெம்பனிஸ்காரன்

வணக்கம். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் அம்மாவை இந்தோனேசியாவின் மேடான் நகரில் இருக்கிற வேளாங்கண்ணி மாதா கோவிலுக்கு அழைத்துப் போகலாம் என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போகிற விமானம் காலை 9:15க்குக் கிளம்பி 9:40க்குச் சேருமாம். திரும்புகிற விமானம் 10:30க்குக் கிளம்பி மதியம் 1:00 மணிக்கு சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு வருமாம். இது என்ன கணக்கு?

இணையத்தில் தேடினால் குழப்பம் கூடுகிறது. ஒரு தளம் தூரம் 620 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 1 மணி 17 நிமிடம் என்கிறது. இன்னொரு தளம் 630 கிலோமீட்டர், 47 நிமிடம் என்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி. காலை மடக்கி நெடுநேரம் உட்கார முடியாது. அதனால்தான் கேட்கிறேன், உண்மையில் எவ்வளவு நேரம்?

ஈசூன் அக்கா

தம்பி, மேடான் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கணக்கு, சேரும் நேரம் சேரும் ஊர்க் கணக்கு. 9:40 என்பது நம் நேரத்துக்கு 10:40. அப்படியானால் போக 1 மணி 25 நிமிடம். வரும்போது 10:30 என்பது நமக்கு 11:30. வர ஒன்றரை மணி. அவ்வளவுதான் விஷயம்.

தெம்பனிஸ்காரன்

நன்றி அக்கா. ஆனால் மேடான் மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது? பினாங்குக்கு நேர் எதிரே. பினாங்கில் நம் நேரம், எதிர்க்கரையில் ஒரு மணி நேரம் குறைவு என்றால் நம்ப முடியவில்லை.

கணக்கு வாத்தியார்

நம்ப முடியாமல் இருப்பதற்குக் காரணம் மேடான் அல்ல, நாம்தான். மேடான் 98.7 பாகை கிழக்கில் இருக்கிறது. 15 பாகைக்கு ஒரு மணி நேரம் என்று வகுத்துப் பார்த்தால் கிரீன்விச்சைவிட ஆறரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அவர்கள் வைத்திருப்பது 7. ஏறக்குறைய நியாயமான கடிகாரம். சிங்கப்பூர் 103.8 பாகையில் இருக்கிறது. நமக்கு நியாயமாக 7 மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவாக இருக்க வேண்டும். நாம் வைத்திருப்பது 8.

வெயிலை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 20 நிமிடம்தான். மீதி 40 நிமிடம் அரசாங்கங்கள் வைத்த வித்தியாசம்.

நம் கடிகாரம் நிறைய ஆட்டம் ஆடியிருக்கிறது. 1905இல் கிரீன்விச் +7 ஆனது. 1933இல் பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்த 20 நிமிடம் முன்னால் தள்ளினார்கள். 1941இல் இன்னும் 10 நிமிடம் சேர்த்து +7:30. ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், அதாவது +9. அவர்கள் போனதும் மறுபடியும் +7:30. கடைசியாக, தீபகற்ப மலேசியா சாபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வரவேண்டும் என்று அரை மணி முன்னே போனது. வியாபாரத்துக்கும் போக்குவரத்துக்கும் இடைஞ்சல் வேண்டாம் என்று 1982ஆம் ஆண்டுப் பிறப்போடு நாமும் கூடவே போனோம். அதனால்தான் இங்கே ஏழு மணிக்கு விடிகிறது, பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போகிறார்கள்.

பினாங்கு விஷயம் இன்னும் வேடிக்கை. பினாங்கு விமான நிலையத்திலிருந்து மேடான் கோலாநாமு நிலையத்துக்கு வான்வழியில் சுமார் 240 கிலோமீட்டர். 50 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால், கிளம்பிய மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கியிருப்பீர்கள், கடிகாரத்தின்படி.

பிடோக் பையன்

வாத்தியார் சொன்னதைப் படித்ததும் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஏர்லைன்ஸைத் திட்டியவர்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன். சரி, அந்த 47 நிமிடமும் 1 மணி 17 நிமிடமும் எங்கிருந்து வந்தன? அதை யாரும் சொல்லவில்லையே.

ஓடுபாதை 20

அதை நான் சொல்கிறேன். சாங்கியில் தரைப்பணியில் இருந்தவன், இப்போது ஓய்வு.

அந்தத் தளங்கள் எதுவும் விமான அட்டவணையைப் பார்ப்பதில்லை. பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்கோடு போட்டு, விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று வைத்து வகுக்கின்றன. 630ஐ 800ஆல் வகுத்தால் 47 நிமிடம். முடிந்தது கதை. கொஞ்சம் யோசித்துச் செய்த தளங்கள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து அரை மணியைக் கூட்டிவிடும். 620ஐ வகுத்து 30 நிமிடம் சேருங்கள், 1 மணி 17 நிமிடம் வரும். தூரத்தில் 10 கிலோமீட்டர் வித்தியாசம் ஏன் என்றால், ஒன்று விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளக்கிறது, மற்றது நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு. சாங்கி நம் கிழக்கு ஓரத்தில் இருந்தாலும், கோலாநாமு மேடானுக்கும் கிழக்கே இருக்கிறது. அதனால் வானத்தில் கொஞ்சம் மிச்சம்.

800 கிலோமீட்டர் வேகம் என்பது உயரத்தில் போய் நிமிர்ந்த பிறகு வருகிற வேகம். 10,000 அடிக்குக் கீழே இருக்கும்வரை பொதுவாக 250 நாட் தாண்டக்கூடாது, அதாவது மணிக்கு 460 கிலோமீட்டர் சொச்சம். மேடான் மாதிரி கிட்டத்து ஊருக்கு ஏறுவதற்கு ஒரு இருபது நிமிடம், இறங்குவதற்கு ஒரு இருபத்தைந்து நிமிடம் போய்விடும். நடுவில் முழு வேகத்தில் பறக்கிற நேரம் கொஞ்சம்தான். சிப்பந்திகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைசி வரிசைக்கு வருவதற்குள் இறங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்தது, நேர்கோட்டில் யாரும் பறப்பதில்லை. சாங்கியின் ஓடுபாதைகள் எல்லாம் ஏறத்தாழ வடக்கு தெற்காகப் படுத்திருக்கின்றன. காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, அப்போது வடக்கு நோக்கி ஏறுவார்கள். செப்டம்பரில் காற்று தெற்கிலிருந்து வரும், பெரும்பாலும் தெற்கு நோக்கித்தான் ஏற்றம். மேடானோ வடமேற்கில் இருக்கிறது. ஏறி, வளைந்து, குறித்த வழிப்புள்ளிகளைத் தொட்டுக்கொண்டுதான் பாதைக்கு வரவேண்டும். வழியில் சிங்கப்பூர், கோலாலம்பூர், இந்தோனேசியா என்று கட்டுப்பாட்டாளர்கள் கை மாறுவார்கள்.

கடைசியாக, டிக்கெட்டில் இருக்கிற 1 மணி 25 நிமிடம் பறக்கிற நேரமே இல்லை. சக்கரத்துக்கு வைத்த கட்டையை இங்கே எடுத்ததிலிருந்து அங்கே கட்டை வைக்கும்வரை உள்ள நேரம். அதில் பின்னுக்குத் தள்ளுவது, இன்ஜினை ஓட்டுவது, ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, முன்னால் நாலு விமானம் நின்றால் காத்திருப்பது எல்லாம் அடங்கும். சனிக்கிழமை சாயங்காலம் தேக்காவில் பார்க்கிங் தேடுகிற நேரத்தையும் பயணத்தில் சேர்த்துச் சொல்வது மாதிரி. தரையிலிருந்து எழும்பித் தரையைத் தொடுவது மட்டும் என்றால் ஒரு மணி நேரத்தை ஒட்டி இருக்கும்.

ஜூரோங் கதிர்

> டிக்கெட்டில் இருக்கிற 1 மணி 25 நிமிடம் பறக்கிற நேரமே இல்லை

அண்ணே, இதில் ஏர்லைன்ஸ் வேலையும் இருக்கிறது. எல்லா நிறுவனமும் அட்டவணையில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊதிப் போடுகிறார்கள். அப்புறம் அரை மணி தாமதமாகக் கிளம்பிவிட்டு, "பதினைந்து நிமிடம்தான் தாமதம்" என்று அறிவிப்பு. போன வருடம் ஒரு மலிவுக் கட்டண விமானத்தில் எங்களை உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தி முக்கால் மணி நேரம் வெளியிலேயே நிறுத்தி வைத்தார்கள். தண்ணீர் கேட்டால் காசு.

ஓடுபாதை 20

ஊதிப் போடுவது உண்மைதான் கதிர். குறித்த நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் சேர்ந்தால் அதை நேரத்துக்கு வந்ததாகவே இந்தத் தொழிலில் கணக்கு வைப்பார்கள். ஆனால் முழுக்க ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். காலை நேர சாங்கியில் ஓடுபாதைக்கு ஐந்து நிமிடத்திலும் போகலாம், இருபத்தைந்து நிமிடமும் ஆகலாம். நடுவே ஒரு எண்ணைப் போட்டுத்தானே ஆகவேண்டும்?

செங்காங் சித்ரா

சென்னைக்குப் போகும்போது ஆகிற நேரமும் வரும்போது ஆகிற நேரமும் வித்தியாசப்படுமே, அது மாதிரி மேடானுக்கும் உண்டா? 1:25, 1:30 என்று ஐந்து நிமிட வித்தியாசம் தெரிகிறது.

ஓடுபாதை 20

இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். லண்டனுக்குப் போக 14 மணி நேரம், வர 13 மணி நேரம் என்று ஆவதற்குக் காரணம் வடக்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிற பலத்த காற்று. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காற்று கிடையாது. 620 கிலோமீட்டரில் காற்று செய்கிற வித்தியாசத்தைவிட எந்த முனையத்தின் எந்த வாயிலில் நிறுத்துகிறார்கள் என்பது செய்கிற வித்தியாசம் பெரிது. அந்த ஐந்து நிமிடம் சாங்கியில் இறங்க வரிசையில் நிற்பதற்காகப் போட்டிருப்பார்கள்.

ஈசூன் அக்கா

காற்று இல்லை என்கிறீர்கள், சுமாத்ராவை மறந்துவிட்டீர்களே அண்ணே!

தம்பி, ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடிகாலையில் திடீரென்று ஜன்னல் எல்லாம் அடித்துக்கொண்டு காற்றும் மழையும் வரும் பாருங்கள், அதற்கு இங்கே சுமாத்ரா புயற்காற்று என்றே பெயர். இரவில் மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் அல்லது நடுக்கடலில் உருவாகி, வரிசை கட்டி மேற்கிலிருந்து கிழக்கே வந்து நம்மை அடிக்கும். நீங்கள் போகப்போகிற அதே பாதைக்கு எதிர்த்திசை. ஒன்று இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், ஆனால் மின்னல் இருக்கும்வரை ஓடுதளத்தில் ஆட்கள் வேலை செய்ய விடமாட்டார்கள். சாமான் ஏற்றுவது, எண்ணெய் போடுவது எல்லாம் நின்றுவிடும். 9:15 விமானம் 10:15 ஆவதற்கு இது போதும்.

ஓடுபாதை 20

அக்கா சொன்னது சரி. மின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நாங்கள் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவோம். இன்னொன்று, மேடானுக்குத் தெற்கே காரோ மலைப்பகுதியில் சினாபுங் எரிமலை இருக்கிறது. நாலு நூற்றாண்டு தூங்கிவிட்டு 2010இல் விழித்துக்கொண்டது. அது சாம்பல் கக்கினால் அந்தப் பக்கம் விமானங்கள் சுற்றிப் போகும், அல்லது போகவே போகாது. இதற்கெல்லாம் அட்டவணையில் இடம் கிடையாது. கிளம்புவதற்கு முந்தைய நாள் செய்தியைப் பார்த்துவிடுவது நல்லது.

மேடான் மருமகள்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே வந்தேன். எல்லாரும் வானத்திலேயே நிற்கிறீர்கள். தம்பி கேட்டது அம்மா முட்டியைப் பற்றி. என் கணவர் மேடான் தமிழர், மாமியார் வீடு அங்கே. அடிக்கடி போய் வருகிறேன். நான் எப்படிக் கணக்கு வைப்பேன் என்று சொல்கிறேன்.

இருக்கையில் அம்மா எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? கிளம்புவதற்கு அரை மணி முன்னால் ஏற்றுவார்கள். அப்புறம் டிக்கெட்டில் இருக்கிற 1:25. இறங்க ஒரு பத்து நிமிடம். ஆக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஓர இருக்கை வாங்குங்கள், நடுவில் ஒருமுறை எழுந்து நடக்கட்டும். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கவுண்டரில் போய்ச் சொன்னால் காத்திருக்க வேண்டிவரும்.

வீட்டிலிருந்து வாசல்வரை எவ்வளவு? தெம்பனிஸிலிருந்து சாங்கி உங்களுக்குக் கூப்பிடு தூரம், கால் மணி நேரம். ஆனால் இரண்டு மணி நேரம் முன்னால் போக வேண்டும். சாமான் போடுகிற கவுண்டரை ஒரு மணி நேரத்துக்கு முன் மூடிவிடுவார்கள். இப்போது சாங்கியில் குடிநுழைவு வேகம், கடவுச்சீட்டைக்கூட நீட்ட வேண்டாம், முகத்தையும் கண்ணையும் காட்டினால் போதும். மேடானில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று விமானம் சேர்ந்தாற்போல் இறங்கினால் வரிசை நீளும். வெளியே வர முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. பழைய போலோனியா விமான நிலையம் ஊருக்கு நடுவில் இருந்தது. இறங்கிப் பத்து நிமிடத்தில் மாமியார் வீடு என்று கணவர் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். 2013 ஜூலையில் அதை மூடிவிட்டு கோலாநாமுவுக்கு மாற்றினார்கள். ஊரிலிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். நல்ல வேளையாக நிலையத்துக்குள்ளிருந்தே ரயில் உண்டு. விமான நிலையத்துக்கு என்று இந்தோனேசியாவில் ஓடிய முதல் ரயில் அதுதான். முக்கால் மணி நேரத்துக்குள் ஊருக்குள் மேடான் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் வேளாங்கண்ணி மாதா கோவில் ஊரின் தென்மேற்கே, தஞ்சோங் செலாமாத் பக்கம். ஸ்டேஷனில் இறங்கி மறுபடியும் கார் பிடிக்க வேண்டும், நெரிசல் வேறு. அம்மாவை வைத்துக்கொண்டு ஏறி இறங்காதீர்கள். நிலையத்திலேயே கார் எடுத்துக்கொள்ளுங்கள், சுங்கச்சாலை இருக்கிறது.

எல்லாம் கூட்டினால் வீட்டை விட்டுக் கிளம்பிக் கோவில் வாசலில் நிற்க ஆறு மணி நேரம். அதில் பறப்பது ஒரு மணி நேரம்.

இன்னொரு விஷயம். செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் போகிறீர்களா, சும்மா விடுமுறையில் போகிறீர்களா? திருவிழா என்றால் அறை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். கோவிலைப் பார்த்ததும் அம்மா ஆச்சரியப்படுவார். தேவாலயம் என்று சொல்ல முடியாது, கோபுரமும் குவிமாடமுமாக நம் ஊர்க் கோவிலும் முகலாயக் கட்டடமும் சேர்ந்தாற்போல் இருக்கும். 2005இல் திறந்தது. அப்படியே கம்போங் மெட்ராஸ் போய் மாரியம்மன் கோவிலையும் பார்த்துவிடுங்கள். 1884இல் கட்டியது. மேடானைச் சுற்றியுள்ள டெலி வட்டாரப் புகையிலைத் தோட்டங்களுக்கு நம் ஆட்களை அழைத்துவந்த காலம்.

தெம்பனிஸ்காரன்

அக்கா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி. இரண்டு மணி நேரம் என்றால் அம்மா தாங்குவார். திருவிழாவுக்குத்தான் போகிறோம்.

புக்கிட் மேரா பாபு

ஒரே ஒரு யோசனை. பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாம் வழியாகப் போனால் மலிவு. ஹார்பர்ஃபிரண்டில் படகு ஏறினால் ஒரு மணி நேரத்தில் பாத்தாம். அங்கே ஹாங் நாடிம் விமான நிலையத்திலிருந்து மேடானுக்கு உள்நாட்டு விமானம். விமான நேரமும் ஏறக்குறைய இதேதான். நான் அப்படித்தான் போவேன்.

மேடான் மருமகள்

பாபு, தனியாள் ஒரு பையோடு போகலாம். படகுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போகணும், பாத்தாம் துறைமுகத்தில் குடிநுழைவு, அங்கிருந்து விமான நிலையத்துக்குக் கார், மறுபடியும் இரண்டு மணி நேரம் முன்னால். ஆறு மணி நேரம் பத்து மணி நேரமாகும். படகில் ஏறும் சாய்தளம் ஆடிக்கொண்டே இருக்கும். முட்டி வலிக்காரருக்கு அது ஆகாது. மிச்சப்படுத்துகிற பணத்தை அப்புறம் வைத்தியருக்குக் கொடுக்க வேண்டிவரும்.

கணக்கு வாத்தியார்

கப்பல் பிரியர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இந்தோனேசிய அரசுக் கப்பல் நிறுவனம் பெல்னியின் கெலுட் கப்பல் ஜகார்த்தாவிலிருந்து பாத்தாம் வழியாக மேடானின் துறைமுகமான பெலாவானுக்குப் போகிறது. பாத்தாமில் ஏறினால் கிட்டத்தட்ட ஒரு நாள். பினாங்கிலிருந்து பெலாவானுக்கு முன்பு படகு ஓடியது, மலிவு விமானங்கள் வந்த பிறகு அது நின்றுபோனது.

நீரிணையைக் கடப்பது நமக்குப் புதிதா என்ன? சுமாத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் பக்கம், லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. அதற்கும் அறுபது வருடம் முன்னால் ராஜேந்திரன் படை வென்றதாக மெய்க்கீர்த்தி சொல்கிற ஊர்களில் பண்ணையும் ஒன்று. அது இந்த வடக்குச் சுமாத்ராக் கரைதான் என்கிறார்கள்.

பிடோக் பையன்

வாத்தியார் ஐயா, சோழர் கடற்படைக்குத் தனி இழை போடுங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன். இங்கே அம்மா கோவிலுக்குப் போகணும்.

செங்காங் சித்ரா

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. கைக்கடிகாரம். சிங்கப்பூரிலிருந்து மேடான் போய் கடிகாரத்தை மாற்ற மறந்தால் ஆபத்தில்லை, ஊருக்கு ஒரு மணி நேரம் முன்னதாக எல்லா இடத்துக்கும் போய் நிற்பீர்கள். மேடானிலிருந்து இங்கே வருகிறவர்கள் மாற்ற மறந்தால்தான் வினை. கடிகாரம் ஒன்பது காட்டும், இங்கே மணி பத்து ஆகியிருக்கும். சாங்கியில் இறங்கிச் சென்னை விமானம் மாற வேண்டிய உறவினர் ஒருவர், காப்பி குடித்துக்கொண்டே விமானத்தை விட்டுவிட்டார். ஃபோன் தானாக மாறிக்கொள்ளும் என்று இருந்திருக்கிறார். விமானப் பயன்முறையை எடுத்து, சிக்னல் கிடைத்தால்தானே மாறும்?

ஃபோன் நாட்காட்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. இங்கே உட்கார்ந்துகொண்டு "மேடானில் விமானம் 10:30" என்று குறித்தால், அங்கே போனதும் அது 9:30 என்று காட்டும். சீக்கிரம் போவது நல்லதுதான், ஆனால் வயதானவரை எழுப்பி அரக்கப் பரக்க இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

ஜூரோங் கதிர்

என்னிடம் இந்தியக் கடவுச்சீட்டு, இங்கே நிரந்தரவாசி. மேடானுக்கு விசா வேண்டுமா?

மேடான் மருமகள்

வேண்டும். இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம், 5 லட்சம் ரூப்பியா, 30 நாள் இருக்கலாம். பணம் கட்ட ஒரு வரிசை, அப்புறம் குடிநுழைவு வரிசை. இணையத்தில் முன்பே வாங்கிவிட்டால் முதல் வரிசை மிச்சம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. யாராக இருந்தாலும் கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். போகும் முன் ஒருமுறை அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த விதிகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

தெம்பனிஸ்காரன்

இன்னொரு கேள்வி. அவ்வளவு தூரம் போகிறோமே, தோபா ஏரியையும் பார்த்துவிட்டு வரலாமா? வரைபடத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரிகிறது.

மேடான் மருமகள்

வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில்தான். மேடானிலிருந்து ஏரிக்கரை ஊரான பாராபாத் 175 கிலோமீட்டர். முன்பு நாலு ஐந்து மணி நேரம் ஆகும். சுங்கச்சாலை நீண்டிருப்பதால் இப்போது குறைந்திருக்கிறது, ஆனாலும் கடைசிப் பகுதி மலைப்பாதை, வளைவு வளைவாக இருக்கும். ஒரே நாளில் போய்த் திரும்பினால் அம்மா இரண்டு நாள் படுத்துவிடுவார். அங்கே ஓர் இரவு தங்க முடியுமானால் போங்கள். சாமோசிர் தீவுக்குப் படகில் போகும்போது குளிர்காற்று முகத்தில் படும், மேடான் புழுக்கம் எல்லாம் மறந்துவிடும்.

கணக்கு வாத்தியார்

பிடோக் பையன் கோபித்துக்கொள்ளட்டும், இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஏரி ஒரு எரிமலை வாய். நூறு கிலோமீட்டர் நீளம், முப்பது கிலோமீட்டர் அகலம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது அதன் சாம்பல் தென்னிந்தியாவரை போய் விழுந்திருக்கிறது. ஆந்திராவில் தோண்டியெடுத்திருக்கிறார்கள்.

பிடோக் பையன்

இதற்குக் கோபம் இல்லை ஐயா, இது நன்றாக இருக்கிறது.

பாசிர் ரிஸ் ராணி

தாமதமாக வந்து கேட்கிறேன். திரும்பி வர இரவு விமானம்தான் எனக்கு மலிவாகக் கிடைக்கிறது. மேடானில் 8:40, இங்கே 11:10. எம்ஆர்டி கிடைக்குமா?

ஓடுபாதை 20

அதை நம்பி இருக்காதீர்கள். சாங்கியிலிருந்து நகரம் பக்கம் போகிற கடைசி ரயில் 11 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் போய்விடும். உங்கள் பக்கத்துக்குக் கடைசி ரயில் எப்போது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 11:10 என்பது வாயிலில் நிற்கிற நேரம். இறங்கி, குடிநுழைவு தாண்டி, பெட்டியை எடுத்து வெளியே வரும்போது 11:45 ஆகியிருக்கும். நள்ளிரவுக்கு முன் டாக்சியில் ஏறிவிட்டால் சரி, தாண்டினால் காலை 6 மணிவரை மீட்டருக்கு மேல் பாதிக் கட்டணம் கூடுதல். பாசிர் ரிஸ் கிட்டேதான், அதனால் பெரிய தொகை ஆகாது. ஜூரோங் பக்கம் இருப்பவர்கள்தான் கூட்டிப் பார்க்க வேண்டும், டிக்கெட்டில் மிச்சமானது டாக்சியில் போய்விடும்.

ஜூரோங் கதிர்

யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது அண்ணே. நான் காலை விமானத்திலேயே வருகிறேன்.